மடித்துத் தைத்த கோட்டு

அன்புள்ள அத்தாவுக்கு,

தர்கா கந்தூரிக் கூட்டத்தில் மேஜிக் காட்டப்போகிறேன். ஆசாரி செய்து தந்த மடக்கு மேஜை சைக்கிள் கேரியரில் அடங்கிவிடுகிறது. அதற்கு நாலு கால் இருக்கிறது. துபாயிலிருந்துதான் பெருநாளுக்குப் பிறகு ஒரு ஃபோன் கால்கூட வரவில்லை.

அடுத்து உடுப்பு. உங்கள் கல்யாணக் கோட்டைக் கேட்டுவிட்டு, விளக்குமாறு பறந்து வரும் என்று ஒதுங்கி நின்றேன். "வெட்டிப் போட்டுக்க, சும்மாதானே கெடக்கு" என்றது அம்மா. நீங்கள் வந்து போடுவீர்கள் என்று பூச்சி உருண்டை போட்டுப் பூட்டி வைத்திருந்த கோட்டு, அத்தா.

டெய்லர் ரெமிஜியஸ் அளவெடுத்துவிட்டுக் கத்தரியைத் தூக்கினார். "வெட்டிட்டா அப்புறம் ஒங்க அத்தாவுக்குச் சேராதுடா."

"வெட்டாதீங்கண்ணே, உள்ள மடிச்சுத் தைங்க."

இப்போது கோட்டு எருமை மாதிரி கனக்கிறது. ஏன் வெட்டவில்லை என்று அம்மா கேட்டது. மடிப்புக்குள் முட்டையை ஒளிக்க வசதி என்று புளுகினேன். அம்மா சிரிக்கவில்லை. அந்தத் தையலை மட்டும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மேஜையும் மடக்குதான், கோட்டும் மடிப்புதான். நூலை உருவினால் போதும், பழையபடி உங்கள் அளவுக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
அந்தக் கோட்டில் பாதி மட்டுமே நிறைந்திருக்கும்
உங்கள் மகன்