ஐந்து எண்ணுவதற்குள்

4 மார்ச் 1996, திங்கள்

முதல் ஷிப்ட் முடிந்து ஃபேக்டரிக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஃபுட்பால் பயிற்சி. ஐந்து மணி ஆகியும் ஹெப்பாள் வெயில் குறைந்த பாடில்லை. நான் கோச்சாக இருக்கும் இந்த டீமின் வியாதி ஒன்றுதான்: பந்தைப் பறிகொடுத்தால் நின்று தலையைச் சொறிவது. அதனால் இன்றைக்கும் அதே ஆட்டம். பறிகொடுத்தவன் எடுத்தவன்மேல் உடனே பாய வேண்டும். பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் பந்து வெளியே போகும் வழியை அடைக்க வேண்டும். நான் ஐந்து எண்ணுவதற்குள் பறிகொடுத்தவன் பந்தைத் திரும்பப் பிடுங்க வேண்டும். பாதிப் பேர் கன்னடக்காரர்கள் என்பதால் எண்ணுவது கன்னடத்தில். ஒந்து, எரடு, மூரு, நால்கு, ஐது. ஐதுக்குப் பிறகு பிடுங்கினால் செல்லாது. மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும்.

கருப்புசாமி இன்று ஒரு சுற்றுகூட ஓடவில்லை. கௌதள்ளி கிராமத்துக்காரன். அட்டை மாதிரி ஒட்டிக்கொள்கிறான்.

6 மார்ச், புதன்

பர்சனல் ஆபீசர் ரத்தினசாமி கூப்பிட்டார். விளையாட்டுக்காரன் என்ற முறையில் டெம்பரவரி ஆள் ஒருவனை நிரந்தரம் செய்ய மேலே சம்மதித்துவிட்டார்களாம். "ஒரே ஒரு பேர் குடுங்க கிங்ஸ்லி, சனிக்கிழமைக்குள்ள. மிச்ச ஆளுக்கு இந்த மாசத்தோட காண்ட்ராக்ட் முடியுது."

டீமில் டெம்பரவரி இரண்டே பேர். கருப்புசாமி ஒருவன். இன்னொருவன் பர்னபாஸ், என் மனைவி ஜேனின் தம்பி.

வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

8 மார்ச், வெள்ளி

இரண்டு பேருக்கும் பத்துப் பத்துத் தடவை. யார் அதிகம் பிடுங்குகிறானோ அவன் பெயர்தான் போகும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டே ஆரம்பித்தேன். நாளைக்கு யாரும் வாயைத் திறக்கக் கூடாதில்லையா.

பர்னபாஸ் ஏழு. கருப்புசாமி ஐந்து.

கருப்புசாமி தன் ஐந்து சுற்றையும் ஓடி முடித்து, முழங்காலில் கை ஊன்றி நின்றான். "நீங்க எண்ணுனா சரியாத்தானுங்ணா இருக்கும். என்ற காலுதான் இன்னைக்கி எந்திரிக்கல."

திரும்பும்போது ஸ்கூட்டரில் என் பின்னால் பர்னபாஸ். கன்னடப் பழக்கத்தில் அக்கா புருஷனான என்னை பாவா என்பான். "எனக்கு எண்றப்ப நடுவுல எச்சிலெல்லாம் முழுங்குனீங்க பாவா. அவனுக்கு மட்டும் எக்ஸ்பிரஸ்!" சிரிப்பு வேறு.

வேண்டுமென்று செய்தேனா? முதல் இரண்டு தடவை இல்லை. சத்தியமாக இல்லை. மூன்றாவது தடவை கருப்புசாமியின் கால் பந்தில் படப்போவதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஐது என்றேன். போதுமா? எழுதிவிட்டேன்.

9 மார்ச், சனி

இன்னொரு முறை போட்டி வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லத்தான் ரத்தினசாமி அறைக்குப் போனேன். "யார் பேரு?" என்றார். பர்னபாஸ் என்றேன். நாக்கு தடுமாறக்கூட இல்லை.

ஜேன் காபி கொடுத்தாள். "ஏன் இப்படி மூஞ்சிய வெச்சிருக்கீங்க? என் தம்பிக்குத்தானே செஞ்சீங்க, ஊரான் சொத்தையா அள்ளிட்டு வந்தீங்க?"

ஊரான் சொத்துதான், ஜேன்.

17 மார்ச், ஞாயிறு

சர்ச்சில் நற்கருணை வாங்கப் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

29 மார்ச், வெள்ளி

கருப்புசாமிக்குக் கடைசி நாள். பூட்ஸைக் கழுவி, லேஸைக்கூடத் துவைத்துக் கொண்டுவந்தான். நீயே வைத்துக்கொள் என்றேன். "கம்பெனி சாமானுங்ணா, நமக்கெதுக்கு" என்று என் மேஜைமேல் வைத்தான். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொள்கிறது. நான் என்ன சொன்னேன்? "பஸ் போயிடப் போகுது, கெளம்பு."

தூ. நானெல்லாம் ஒரு மனுஷனா!

10 ஜூன், திங்கள்

கருப்புசாமியிடமிருந்து கார்டு. படித்தது கன்னடப் பள்ளியில் என்பதால் தமிழைக் கன்னட எழுத்தில் எழுதியிருக்கிறான். விவசாயக் கூலியாகக் காட்டு வேலைக்குப் போகிறானாம். சாயங்காலம் ஊர்ப் பையன்களைச் சேர்த்து டீம் நடத்துகிறானாம். 'அந்த அஞ்சு எண்ணுற ஆட்டந்தான் ஆடறோம். எத்தன வேகமா எண்ணோணும்னு மட்டும் எழுதுங்ணா.'



11 ஜூன், செவ்வாய்

ரத்தினசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். "ஆர்டர் போட்டு ரெண்டு மாசமாச்சு. இப்ப வந்து சொல்றீங்களே, உங்க மச்சினன் வேலையும் போகணுமா?"

மூன்று கார்டு கிழித்தேன். நாலாவதைக் கன்னட எழுத்திலேயே எழுதிப் போட்டுவிட்டேன். 'உனக்கு வேகமாக எண்ணினேன். பர்னபாஸுக்கு மெதுவாக. தெரிந்தேதான். அந்த வேலை உன்னுடையது.' கவரில் வைத்து ஒட்டவில்லை. தபால்காரர் படித்தால் படிக்கட்டும்.

24 ஜூன், திங்கள்

பதில் வந்துவிட்டது. அப்படியே எழுதி வைக்கிறேன்:

'தெரியுமுங்ணா. நான் பந்தத் தொட்டதுக்கப்பறந்தான் நீங்க ஐது சொன்னீங்க. ரெண்டு மாசம் உங்கள வையாத நாளில்ல. இங்க எங்க பெரியப்பன் பையன் ஜடையன் டீம்ல இருக்கான். அவனுக்கு எண்றப்ப எனக்கும் நாக்கு இழுக்குது. அதனால நான் எண்றத உட்டுட்டேன். பாக்க வர்ற சனம் சேந்து எண்ணுது.'

தொட்டதற்கப்புறமா? மார்ச் 8-ஐப் புரட்டிப் பார்த்தேன். 'படப்போவதை' என்று எழுதியிருக்கிறேன். டைரியிடமும் பொய்தான் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் பயிற்சியில் நான் எண்ணவில்லை. வெளியே நின்ற ஆட்களைச் சேர்ந்து எண்ணச் சொன்னேன். பர்னபாஸுக்குப் பத்துத் தடவை. பிடுங்கியது நாலு. "பாவா..." என்று என் பக்கம் திரும்பினான். ஓடு என்றேன்.

அவன் ஆறு சுற்று ஓடினான். நான், அன்று கருப்புசாமி ஓடிய அந்த ஐந்து.