பச்சை ஸ்பாஞ்சு

மார்ச் 3
மாடலுக்குக் கடல் ஊற்றி முடித்தேன். நீலச் சாயம் கலந்த பிசின். அந்த நாற்றம் தலைமுடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. ஆறடி மேசையில் எங்கள் நகரம் முழுதும்: துறைமுகம், கழிமுகம், மூன்று பக்கமும் காட்டு மலை, சரிவில் நாற்பத்தொரு வீடுகள். அதில் ஒன்று அக்கா வீடு. அவள் கூரையின் துருப்பிடித்த சிவப்பையே பூசினேன். யாருக்குத் தெரியப்போகிறது?

மார்ச் 5
நகர அலுவலகத்து அதிகாரி வந்தார். சரிவில் வீடுகளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இந்தக் குப்பையெல்லாம் எதுக்கும்மா? ஃபுல்லா மரம் வச்சிடுங்க."

"வச்சிடலாம் சார், வச்சிடலாம்" என்றார் என் முதலாளி. அந்தக் குழைவைப் பார்க்கணுமே! சகிக்கவில்லை.

அங்கே சொகுசு விடுதி வரப்போகிறதாம். இருபதாம் தேதி பொதுக்கூட்டத்தில் 'ஆளில்லாத காடு' என்று காட்டத்தான் இந்த மாடல். அக்காவுக்குத் தெரியுமா? நான்தான் சொல்லணுமா?

மார்ச் 6
ச்சீ.

மார்ச் 9
மரங்களுக்காகப் பச்சை ஸ்பாஞ்சைக் கிள்ளிக் கிள்ளி ஒட்டினேன். வீடுகளைப் பெயர்த்தெடுக்கக் கை வரவில்லை, மேலேயே மூடிவிட்டேன். பெரிய தியாகம்!

மார்ச் 14
இன்னும் கேவலம். கடற்கரையில் நிறுத்த நூறு பொம்மை வேண்டுமாம். "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு டிரெஸ். பல மொழி பேசுற ஊர்னு தெரியணும்ல?" என்கிறார் முதலாளி.

அத்தனை மொழியும் கேட்கிற ஒரே தெரு அக்கா தெருதான். பக்கத்து வீட்டுக்காரி பேசுவது அக்காவுக்குப் புரியாது. ஆனாலும் தண்ணீர்க் குழாயடியில் சண்டை கனஜோராய் நடக்கும். வீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஆளை மட்டும் மணலில் நிறுத்தணுமாம். வெட்கங்கெட்டவனுங்க. அதுக்குச் சாயம் பூசற நான் மட்டும் என்ன ஒழுங்கு?

மார்ச் 19
போனில் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.
"நீயாடி ஒட்டின?"
"நான்தான்க்கா."
வைத்துவிட்டாள்.

மார்ச் 20
தெருவையே திரட்டிக்கொண்டு வந்து பின்வரிசையில் நின்றாள் அக்கா. அதிகாரி குச்சியை நீட்டி, "இந்தச் சரிவுல ஒரு வீடுகூடக் கிடையாது" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போய் ஸ்பாஞ்சைப் பிய்த்தேன். நல்ல பசை, நான் ஒட்டினது — நகம் பெயர்ந்தது. பச்சைக்கு அடியிலிருந்து ஒரு கூரை, இரண்டு, ஒன்பது. "அய்யய்யோ, என்னம்மா பண்ற!" என்று முதலாளி அலறினார். "அதோ எங்க வீடு!" என்று யாரோ கத்தினார்கள். அப்புறம் ஒரே கூச்சல்.

மார்ச் 27
விடுதி பற்றிய முடிவைத் தள்ளி வைத்திருக்கிறார்களாம். தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள், கைவிடவில்லை. எனக்கு வேலை போயிற்று.

அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் இன்னும் பேசவில்லை. தட்டை மட்டும் முன்னால் வைத்தாள். இந்த ஜன்னலில் கடல் முழுதும் தெரிகிறது. மாடலில் இந்த வீட்டுக்கு நான் ஜன்னலே வைக்கவில்லை.