என் நடையைப் பார்க்க வந்தவர்கள்

குட்மேய்ஸ், லண்டன்.
2025 யூன் 15, ஞாயிறு, காலை 7.40.
போன் கணக்கில் நேற்று நடந்தது 19,412 காலடி.

அன்புள்ள கஜந்தினி அக்காவுக்கு,

அத்தானும் பிள்ளைகளும் ரொறன்ரோவில் சுகமாய் இருக்க வேண்டும். உன்னைப் பற்றி இன்றைக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன், தெரிந்துகொண்டே வாசி.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று கிழமையாகியும் அம்மா லண்டனைச் சுற்றிப் பார்க்கவில்லை என்று நேற்றுக் கூட்டிப் போனேன். அரண்மனை, பெரிய மணிக்கூடு, பிறகு ஆற்றங்கரையோடு டவர் பிரிட்ஜ் வரைக்கும் நடை. பஸ் எடுப்போம் என்றால் அம்மா சம்மதிக்கவில்லை. காலையில் வெளிக்கிடும்போதே நான் குதி தடித்த புதுச் சப்பாத்தைத்தான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மூன்று மணிக்குப் பாலத்தில் நிற்க வேண்டுமாம், வெளிச்சம் நல்லாய் இருக்கும் என்று அக்கா சொன்னாளாம். உனக்கு எப்போதிருந்து வெளிச்சத்தைப் பற்றித் தெரியும்?

பாலத்தில் அம்மா போனைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வா, வீடியோ எடுக்கிறேன் என்றார். போய் வந்தேன். இன்னொருக்கா என்றார். நாலு தரம். சைக்கிளில் விழுந்து கணுக்காலை உடைத்த பிறகு, பத்தாயிரம் காலடி தாண்டினால் என் இடது கால் இழுக்கும் என்று உனக்குத் தெரியும். நாலாம் தரம் நல்லாய் இழுத்தது.

அப்போது ஒரு பெண் பக்கத்தில் வந்து, கூடவே நடந்தபடி சொன்னாள்: “நான் மிதுஷா. அங்க அந்த வாங்கில குந்திக்கொண்டு இருக்கிறது என்ர மாமா, ஞானரட்ணம். நோர்பரியில இருந்து உங்கட காலைப் பாக்கத்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர். எனக்கும் இப்பதான் தெரியும். இனித் திரும்பி நடக்காதேங்கோ.”

சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். நீ எனக்குப் பேசுகிற பொம்பிளை அவள்தான் என்று அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு இருந்த வெட்கத்தில் பாதி உனக்கு இருந்திருக்கலாம்.

பொம்பிளை பார்க்கிறது கேள்விப்பட்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் காலைத் தூரத்தில் இருந்து பார்க்கிறது இதுதான் முதல்தரம். நான் பாலங்களுக்குப் பாரச் சோதனை செய்கிறவன். சோதிக்கப் போகிறோம் என்று பாலத்திடம் யாரும் சொல்வதில்லை, சரி. நான் பாலம் இல்லை அக்கா.

அம்மாவைக் கேட்டு அறிந்தேன்: கால் முழுக்கச் சுகம் என்று பொம்பிளை வீட்டு ஆட்களுக்கு எழுதினது நீ. அவர்கள் நம்பாமல் நேரில் பார்க்கக் கேட்க, ஓம் என்றதும் நீ. தம்பி கொஞ்சம் நொண்டுவான் என்று சொல்ல உனக்கு என்ன வந்தது? நடக்கிறேன், உழைக்கிறேன், ஒருவரும் என்னைத் தூக்கிக்கொண்டு திரியவில்லை.

ரயிலில் அம்மாவிடம் கத்திவிட்டேன். சனம் திரும்பிப் பார்த்தது. அம்மா, “நீ நல்லாத்தான் நடந்தனி ராசா. கடைசித்தரம்தான் கொஞ்சம்...” என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் போனைப் பார்த்தேன். அரண்மனையில் இருந்து பாலம் வரைக்கும் பதினொரு வீடியோ. அரண்மனையும் இல்லை, மணிக்கூடும் இல்லை, ஆறும் இல்லை. எல்லாம் முழங்காலுக்குக் கீழே. அம்மா நாள் முழுக்க லண்டனில் பார்த்தது என் இடது காலை மட்டும்.

இனி நான் செய்யப் போகிறது:

1. இன்று பத்து மணிக்கு ஞானரட்ணம் மாமாவுக்குப் போன் எடுப்பேன். ஒரு தகடு, ஏழு ஸ்க்ரூ, நொண்டுவேன் என்று நானே சொல்லுவேன். எக்ஸ்ரே வேண்டுமென்றால் அனுப்புவேன்.

2. மிதுஷாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதற்கு வழி நானே பார்ப்பேன். நீ அதற்குள் கை வைக்காதே.

3. வருகிற சனிக்கிழமை அம்மாவைத் திரும்பவும் கூட்டிப் போவேன். நடை இல்லை, பஸ். மேல்தட்டில் முன் சீட்டில் ஜன்னல் பக்கம் அம்மாவை இருத்தி, பக்கத்தில் நான் இருப்பேன். குந்தியிருக்கிறவனின் காலில் பார்க்க ஒன்றும் இல்லை. அன்றைக்காவது அம்மா வெளியே பார்க்கட்டும்.

தர்சிகன்