மூக்கு நீட்டிய ஒன்று

செட்டிகுளம்,
பங்குனி மாதம் இருபத்தெட்டாம் திகதி.

அன்பு மகன் விஜிதரனுக்கு,

நானும் அப்பாவும் தங்கச்சி ராஜினியும் சுகம், உன் மேல் எனக்கிருக்கும் கோபத்தைத் தவிர வீட்டில் வேறு வருத்தம் இல்லை. அந்தப் பரிஸ் குளிரில் நீ தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். திகதியை ஏன் எழுத்தில் எழுதியிருக்கிறேன் என்று யோசிப்பாய், பொறு, சொல்கிறேன்.

"மாசி இருபத்தைந்தாம் திகதி போன் எடுத்தனான், ஒருத்தரும் வரேல்லை, என்னை மறந்திட்டியள்" என்று எழுதியிருந்தாய். வாசித்து அழுதுவிட்டேன். நான் மறப்பேனா ராசா? முதல் நாளே ஆமிக்காரரிடம் பயணப் பாஸ் எடுத்து, வவுனியாவில் உன் சின்னம்மா விமலேஸ்வரி வீட்டில் தங்கி, விடிய ஏழு மணிக்கு யோகநாதனின் ரெலிபோன் கடை திறக்க முதலே வாசலில் நின்றோம். போன் எடுப்பேன் என்று நீ முதல் எழுதின கடிதத்தில் ஏழு என்றுதானே கிடந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தரம் பார்த்து, "ஏழேதான்" என்றார். கதிரையில் இருந்து கால் விறைத்துப் போனது. போன் அடிக்கும்போதெல்லாம் அப்பா எழும்பி சேர்ட்டைச் சரிபண்ணினார், எல்லாம் வேறு ஆட்களுக்கு வந்தது. பன்னிரண்டு மணி பஸ்சை விட்டால் வேறு பஸ் இல்லை என்று திரும்பிவிட்டோம். நீ ஒரு மணிக்கு எடுத்தாயாம், நாலு தரம் எடுத்தாயாம், யோகநாதன் பிறகு சொல்லி அனுப்பினார்.

உன் குட்டைக் கண்டுபிடித்தது ராஜினிதான். ஆவணியில் அவளுக்குச் சோதனை என்று நீ எழுதி அனுப்பிய கணக்குக் குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு கிழமையாகத் தலையைப் பிய்த்தாள். அதில் மூன்றை நாலால் பெருக்கினால் எழுபத்திரண்டு! ரியூசன் மாஸ்டர் பார்த்துவிட்டு, "கொண்ணர் பரிஸுக்குப் போய் வாய்ப்பாட்டை மறந்திட்டாரோ" என்று கேட்டாராம். அவளுக்கு வந்ததே கோபம். "அண்ணா பிழை விடமாட்டார், எழுத்திலைதான் ஏதோ கிடக்கு" என்று பக்கம் பக்கமாகத் தேடினாள். கடைசியில் பார்த்தால், இடுப்பில் குறுக்குக் கோடு போட்டதுதான் உன் ஏழாம், மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பதெல்லாம் ஒன்றாம். போன் நேரம் எழுதின அந்தக் கடிதத்தையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். நாங்கள் ஏழென்று வாசித்ததற்கு இடுப்பில் கோடு இல்லை. அப்பா திரும்பவும் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

அதோடு விட்டாயா, புள்ளி வைக்கிற இடத்தில் கொமா. இரண்டரையை 2,5 என்று எழுதினால் பிள்ளை இரண்டு விடை என்று நினைக்காதா? பரிஸ்காரர் எப்படியும் எழுதட்டும், அவள் எழுதப்போவது இங்கத்தைய சோதனை. இனி அனுப்பும்போது முதல் பக்கத்திலேயே எந்தக் குறி என்னவென்று எழுது. நடுவில் வரிகளை விழுங்காதே. "இது தெளிவு" என்று எழுதிவிட்டு விடைக்குத் தாவுகிறாயாம். தெளிவென்றால் அவள் ஏன் அழுகிறாள்?

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. கோபத்தில் எழுதினாலும் என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. சித்திரை மாதக் கடைசி ஞாயிறு, மத்தியானம் ஒரு மணிக்குப் போன் எடு. ஒன்று, மூக்கில்லாத ஒன்று. அன்று இரவும் விமலேஸ்வரி வீட்டில்தான் தங்குவோம், பஸ்சுக்கு ஓடமாட்டேன். அப்பா இப்போதும் உன்னை நம்பவில்லை, ஒன்றோ ஏழோ யார் கண்டது என்கிறார். நீ எதை நினைத்துக்கொண்டு எடுத்தாலும் சரி, நான் காலை ஏழு மணிக்கே அந்தக் கதிரையில் வந்து இருப்பேன்.

இப்படிக்கு,
உன்னை மறக்காத அம்மா
கமலாட்சி