எரியாத வீடு

கோபக்காரிக்கு,

நான் கதை சொல்லி நடத்துற நம்ம ஞாயிறு பகடை விளையாட்டு நாசமாப் போச்சு. அதுக்காக மூணு மாசம் உட்கார்ந்து நான் காகிதத்துல வரைஞ்ச நகரத்து மேல, நம்மகூட விளையாடுற டோர்கெல் காபிக் கோப்பையை வைக்கிறான். அதுவும் உன் தெரு மேல!

நீ போனதிலிருந்து விளையாட்டுல நீ ஆடின மந்திரக்காரி பாத்திரத்தோட வீட்டைப் பூட்டியே வெச்சிருக்கேன். நேத்து அவன், "அவ இனி வரமாட்டாடா, கொளுத்திடலாம். இருபது முகப் பகடையை உருட்டு"ன்னான். பத்துக்கு மேல விழுந்தா தீப்பிடிக்கணும்.

வழக்கம்போல யாருக்கும் தெரியாம என் அட்டை மறைப்புக்குப் பின்னால உருட்டினேன். இருபது.

"ஒரே ஒரு தடவை எனக்காக எண்ணை மாத்திச் சொல்லேன்"னு நீ அழுதப்பகூட நான் பகடையில பொய் சொன்னதில்லை.

"மூணு. மழை வந்து அணைச்சிடுச்சு"ன்னேன்.

எல்லாரும் நம்பிட்டாங்க. பத்து வருஷமா நான் பொய் சொல்லாதவனாச்சே.

இன்னும் கோபம் தீராத,
உன் நகரத்துக்காரன்