தகட்டின் பின்பக்கம்

வக்குவா, மொரீஷியஸ்
1911 ஐப்பசி 10

அன்பு மகன் ராமசந்திரனுக்கு அம்மா எழுதுவது. நானும் தங்கச்சி தனலட்சுமியும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. டர்பனில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். அப்பா போய்விட்டார் என்று தந்தி வந்திருக்கும், எப்படிப் போனார் என்று அதில் இருந்திருக்காது, நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் பாட்டுப்பெட்டியை வாசலில் வைத்து மெழுகு உருளையை மாட்டிச் சாவி கொடுத்தார். பக்கத்துத் தோட்டத்து ரேமோன் கரும்பு வெட்டும் கத்தியோடு வழியில் போனவன், பாட்டைக் கேட்டு நின்றான், உள்ளே வந்தான். இது என் பெட்டி, 1903இல் களவு போனது, குழாயில் இருக்கிற நெளிசல் எனக்குத் தெரியாதா, வோலேர் வோலேர் என்று கத்தினான், உன் அப்பா திருடனாம். அப்பா சிரித்தார். அடே, அது போன மாசம் என் மகள் கீழே போட்ட நெளிசல், உன் மண்டைக்கும் ஒன்று போட்டுத் தரச் சொல்லட்டுமா என்றார். அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. முதல் வெட்டு வலது தோளில் விழுந்தது, கை தொங்கிப்போனது. இடது கையால் பெட்டியை அணைத்துக்கொண்டார். அவன் அதைப் பிடுங்கி அதன் இரும்பு அடித்தட்டாலேயே தலையில் மூன்று தடவை போட்டான். நான் அவன் காலைக் கடித்தேன் மகனே, சதை வாயோடு வந்தது, அப்போதும் நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒதில் கொதிக்கிற கஞ்சியைக் கொண்டுவந்து முதுகில் ஊற்றிய பிறகுதான் விழுந்தான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது ரேமோனின் வக்கீல், செத்தவன் திருடன், கேட்கப் போனவனை அவன்தான் முதலில் அடித்தான் என்கிறான். 1907இல் போர்ட் லூயிஸ் ஏலத்தில் வாங்கியதற்கு நம்மிடம் சீட்டு இல்லை. பாட்டுப்பெட்டிக் கடையில் வேலை பார்க்கிற நீ போன வருஷம் எழுதியது நினைவிருக்கிறது, பெட்டியின் பித்தளைத் தகட்டில் கம்பெனிக்காரன் உரிமை வாங்கிய வருஷங்களை வரிசையாக அடித்திருக்கும், கடைசி வருஷத்துக்கு முன்னால் பெட்டி பிறந்திருக்காது என்று. தகட்டுக்குப் புளி போடாதே அம்மா என்றும் எழுதினாய். நான் எங்கே கேட்டேன், வெள்ளிக்கிழமைதோறும் விளக்கோடு சேர்த்து அதையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஒரு எழுத்து இல்லாமல் ஆக்கிவிட்டேன். உடைந்ததையெல்லாம் போலீஸ் கொண்டுபோனது, தகடு மட்டும் தெறித்து விறகுக்குள் கிடந்தது. மடியில் வைத்து அழுகிறபோது விரல் பின்பக்கம் பட்டது, சொரசொர என்று இருந்தது. அங்கே புளி பட்டதே இல்லை. அடித்ததெல்லாம் திரும்பிய முகமாகப் புடைத்து நிற்கிறது. தங்கச்சியின் கண்ணாடியில் காட்டிப் பார்த்தேன். கடைசியில் 1906. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். 1903இல் களவு போன பெட்டி 1906இல் எப்படிப் பிறக்கும் மகனே?

தை மாதம் வழக்கு. நான் சொன்னால் பொம்பளை பேச்சு என்பார்கள். உன் கடையில் தகட்டைப் பார்த்துப் பெட்டியின் வருஷம் சொல்கிற புத்தகத்தை முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு கப்பல் ஏறு. கத்தி கொண்டு வராதே. அவன் கழுத்தின் மேல் உன்னைவிட எனக்கு ஆசை அதிகம், ஆனால் உன் அப்பா திருடன் இல்லை என்று அவன் காதில் விழ வேண்டும், அதற்குப் பிறகு கயிறு விழட்டும். முருகன் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்ப்பான். மறக்காதே, புத்தகம். தகட்டை யாரிடமும் தரவில்லை, ரவிக்கைக்குள் வைத்துத் தைத்திருக்கிறேன். நீ வரும்வரை விளக்கைத் தேய்க்கப் போவதில்லை, கறுத்துக் கிடக்கட்டும்.

உன் அம்மா
ருக்மணி