பதினேழாம் எண் ஃபைல்

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் கிருபையில் நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் இதில் சேராது, மாடிப்படி ஏறும்போதெல்லாம் அது தனியாகப் புகார் வாசிக்கிறது. நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போன வாரம் போனில் உன் குரல் கம்மியிருந்தது, தூக்கம் சரியில்லை என்றாய், அதை அப்படியே நம்பிவிட்டேன் என்று நினைக்காதே.

இரண்டு மாதமாக ஏன் கடிதம் இல்லை என்று கேட்டாய். கல்லூரியில் ஒரு விஷயம் நடந்தது, அது முடிகிறவரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று இருந்தேன். எங்கள் இறையியல் கல்லூரிக்கு அங்கீகாரம் புதுப்பிக்க ஒரு குழு வருவதாக இருந்தது. பாடம் நடத்துகிற ஒவ்வொருவரின் சான்றிதழும் ஃபைலில் இருக்கிறதா என்று பார்த்து, பட்டியல் போட்டு, ‘மூலத்துடன் சரிபார்க்கப்பட்டது’ என்று அடியில் கையெழுத்துப் போட வேண்டியது பதிவாளரான நான்தான். பீரோவைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன், பதினேழாம் எண் ஃபைலில் கை நின்றுவிட்டது. அது நம் கிரேக்க ஆசிரியருடையது, நீ சின்ன வயதில் ஆல்பா மாமா என்று கூப்பிடுவாயே, அவருடையதுதான். மற்ற தாளெல்லாம் பழுத்துப்போய், குண்டூசி துருப்பிடித்த கறையோடு இருக்க, முனைவர் பட்டச் சான்றிதழின் நகல் மட்டும் நேற்றுப் பிறந்த குழந்தை மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது. முன்பக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் என் கையாலேயே எழுதியிருக்கிறேன், ‘முனைவர் பட்டச் சான்று பின்னர் தரப்படும்’ என்று. தந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை.

எனக்கு உடனே சந்தேகம் வந்தது புது டீன் அம்மாள் மேல்தான். அவர் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, பீரோவின் இன்னொரு சாவி அவரிடம் இருக்கிறது, ஆசிரியர் கூட்டத்தில் கிரேக்கப் பாடத்தை ஒரு வருடமாகக் குறைக்க வேண்டும் என்று அவர் சொல்ல, மாமா எழுந்து நின்று எதிர்த்தார், அன்றிலிருந்து இருவரும் தாழ்வாரத்தில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள். பொய்ச் சான்றிதழ் ஒன்றைத் தானே உள்ளே வைத்துவிட்டு, குழு வந்ததும் கண்டுபிடிப்பது போல நடித்து அவரை வெளியே தள்ளப் பார்க்கிறார் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஃபைலை எடுத்து விடைத்தாள் கட்டுகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அடுத்த நாளே அவர் என் அறைக்கு வந்து, பதினேழு எங்கேக்கா காணோம் என்று கேட்டார். இருபத்தாறு ஃபைல் இருக்க, இவர் ஏன் அதையே கேட்கிறார்? இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார், நான் தட்டச்சுக்குப் போயிருக்கிறது என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். அவர் மதியம் யாரோடு சாப்பிடுகிறார், யாருக்குப் போன் செய்கிறார் என்றெல்லாம் கவனிக்க ஆரம்பித்தேன். வீட்டில் அப்பாவிடம் சொன்னால், நீ காலேஜ்ல வேலை பாக்குறியா இல்ல துப்பறியும் இலாகாவுலயா என்று சிரிக்கிறார்.

மூன்றாம் முறை வந்தபோது டீன் அம்மாள் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார். அக்கா, சுத்தி வளைக்க விரும்பல, அந்தத் தாளை ஃபைல்ல வெச்சது நீங்கதானே என்றார். எனக்கு வந்த கோபத்தில் மேஜைமேல் இருந்த முத்திரை மை கவிழ்ந்து என் புடவையெல்லாம் நீலம். யாரைப் பாத்து என்ன கேக்குறீங்க என்று கத்தினேன். அவர் அசையவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எல்லா ஃபைலையும் பார்த்துக் குறிப்பு எடுத்திருக்கிறார், அப்போது அந்தச் சான்றிதழ் இல்லை, நான் ஃபைலை ஒளித்துவைப்பதற்கு முந்தின வாரம் பார்த்தபோது இருந்திருக்கிறது, அந்தக் குறிப்பேட்டை என்னிடம் காட்டினார். நீங்களும் அவர் குடும்பமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு, அதனால உங்களைத்தான் சந்தேகப்பட்டேன், இப்ப நீங்க பதறுறதைப் பாத்தா அப்படித் தெரியல என்றார். நான் ஒளித்துவைத்த ஃபைலை எடுத்துப் போட்டேன். மூன்று வாரமாக ஒருத்தரை ஒருத்தர் வேவு பார்த்திருக்கிறோம். சரி, நீங்களும் இல்ல, நானும் இல்ல, சாவி வேற யார் கைக்குப் போச்சு என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. நுழைவுத்தேர்வு அன்று நான் கூடத்தில் கண்காணிப்பில் இருந்தேன், வினாத்தாளில் ஒரு கட்டு குறைந்தது, வாசலில் நின்றவரிடம் சாவியைக் கொடுத்து, அண்ணா, பீரோல இருந்து அந்தக் கட்டை எடுத்துட்டு வாங்க என்றேன். மாமா கட்டையும் கொண்டுவந்தார், எனக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்தார். அது எனக்கு ஒரு விஷயமாகவே மனதில் நிற்கவில்லை. காவலாளி முதல் முதல்வர் வரை யார்மேல் வேண்டுமானாலும் சந்தேகப்பட்டிருப்பேன், அவரைத் தவிர.

டீன் அம்மாள் நேராக முதல்வரிடம் போக வேண்டும் என்றார். ஒரு நாள் பொறுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அன்று மதியமே மாமாவின் வகுப்பறைக்குப் போனேன். பிள்ளைகள் போய்விட்டார்கள், அவர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். தாளை மேஜையில் வைத்தேன். அதைப் பார்த்தவர் துடைப்பானைக் கீழே வைக்காமலேயே உட்கார்ந்தார். இத்தனை வருஷமா யாராவது கேப்பாங்கன்னு இருந்தேன் தங்கச்சி, நீ கேப்பன்னு நெனைக்கல என்றார். ஆய்வேட்டில் கடைசி அத்தியாயத்தை அவர் எழுதவே இல்லையாம். வேலைக்கு வந்தபோது அப்போதிருந்த முதல்வர் பட்டம் எப்போது வரும் என்று கேட்க, சீக்கிரம் வந்துரும் ஐயா என்று சொல்லியிருக்கிறார், அந்த நல்ல மனுஷர் அதற்குள் கதவில் டாக்டர் என்று பலகை மாட்டிவிட்டார். இப்போது குழு வருவது தெரிந்ததும் போலி நகல் ஒன்று செய்து, நான் சாவி கொடுத்த அன்று உள்ளே வைத்துவிட்டாராம். கட்டிய மனைவி, உன் அத்தைக்குக்கூட இன்றுவரை தெரியாது என்று சொல்லி அழுதார். எனக்கு இரக்கம் வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. அந்தப் பட்டியலுக்கு அடியில் என் கையெழுத்து இருக்கும், மாட்டியிருந்தால் முதலில் போவது என் வேலை. அது உங்களுக்குத் தெரியாதாண்ணா என்று கேட்டேன். சத்தியமா அதை யோசிக்கல என்றார். அவர் யோசித்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் காலை அவரே முதல்வருக்குத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். துறைத்தலைவர் பதவி போய்விட்டது, பேராசிரியர் என்ற பெயரும் போய்விட்டது. அனுப்பியே விடலாம் என்று ஆட்சிக்குழுவில் சிலர் சொன்னபோது, இவரைவிட நன்றாகக் கிரேக்கம் கற்பிக்க இங்கே ஆள் இல்லை, முதலாண்டுக்கு மொழிப் பயிற்றுநராக இருக்கட்டும் என்று பேசியது யார் தெரியுமா, டீன் அம்மாள்தான். ஏன் அப்படிப் பேசினார், அதில் அவருக்கு என்ன லாபம் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். குழு வந்தது, பட்டியலில் அவர் பெயருக்கு நேரே முதுகலை என்று மட்டும் இருந்தது, ஒரு கேள்வி கேட்டார்கள், முதல்வர் பதில் சொன்னார், போய்விட்டார்கள். மாமா இப்போது என் அறைப் பக்கம் வருவதில்லை. அத்தை மட்டும் போன ஞாயிறு ஆராதனை முடிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை கூடவே நடந்து வந்தாள்.

இனி உன் விஷயம். படிப்பு முடிந்துவிட்டது, சான்றிதழ்தான் பாக்கி என்று நீ சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் சீக்கிரம் வந்துரும்மா என்றாய். பட்டமளிப்பு விழா படம் கேட்டேன், விழா தள்ளிப்போய்விட்டது என்றாய். நீ முடித்துவிட்டாய் என்று நானும் அப்பாவும் சபை முழுக்கச் சொல்லிவிட்டோம், ‘இல்லை’ என்று சொல்ல உனக்கு இடமே கொடுக்கவில்லையோ என்று மாமாவின் அறையை விட்டு வந்த அன்றிலிருந்து எனக்கு உறுத்துகிறது. நான் உன்னிடம் நகல் கேட்கவில்லை. முடிக்கவில்லை என்றால் முடிக்கவில்லை என்று ஒரு வரி எழுது, அப்பாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், என்ன செய்யலாம் என்று மூன்று பேரும் சேர்ந்து யோசிப்போம். இல்லை, உண்மையிலேயே முடித்துவிட்டாய், அம்மாவுக்குப் புத்தி இப்படித்தான் போகும் என்றால், என்னை நன்றாகத் திட்டி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் காபியில் நாளை ஓட்டாதே. ஆண்டவர் உன்னை இமைபோலக் காக்கட்டும், நீ போகிற வழியெல்லாம் உனக்கு முன்னே போகட்டும். பதிலைப் போனில் சொல்லாதே, போனை எப்போதும் அப்பாதான் முதலில் எடுக்கிறார். கல்லூரி விலாசத்துக்கு, என் பெயருக்கே எழுது.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா